பதில் கடமை ஆதிக்குடி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. தகரத்தில் மழை விழுகிறது, நான் சத்தமாகப் பேசுகிறவள் இல்லை. உங்களுக்காக ஒரு கதை வைத்திருக்கிறேன். சிரிப்புக் கதைதான். சிரிக்கத் தோன்றுகிற இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள். பாதியில் சிரிப்பு தொண்டையில் நின்றுபோனால் என்னைக் கோபிக்காதீர்கள். எனக்கும் அந்த இடத்தில்தான் நின்றது.

நமுனுகுல மலைக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்டம். வெள்ளிக்கல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அந்தத் தோட்டத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம். ஒரே நீளக் கட்டடம், நடுநடுவே தட்டி. மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொன்னால் நாலாம் வகுப்புக்கும் சேர்த்து மனப்பாடம் ஆகிவிடும். அதுவும் ஒரு வசதிதான்.

அந்தத் தோட்டத்தில் ஜெயமலர் என்று ஒரு பெண், கொழுந்து பறிக்கிறவள். போன மாரியில் பேய்மழை பெய்ததே, அப்போது மேட்டு மண் சரிந்து அவள் இருந்த கீழ் லயத்து வரிசை வீடுகளில் பாதியை மூடிவிட்டது. உயிர் போகவில்லை, மாரியாத்தா காப்பாற்றினாள். மிச்சப் பாதிக்கும் யாரும் போகக்கூடாது என்று நாடா கட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அவளும் புருஷன் கஜேந்திரனும் மகள் கேசினியும் இன்னும் சில குடும்பங்களும் புள்ளக்காம்பராவில்தான் சீவியம். வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற அறை அது. பகலில் அங்கே தொட்டில் ஆடும். இருட்டினால் தொட்டிலைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு அதே இடத்தில் பாய் விரிப்பார்கள்.

ஜெயமலருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வழுக்காத இடத்தில் ஏழு பேர்ச் மண், ஒரு சின்ன வீடு கட்டுகிற அளவு. அரசாங்க ஆட்களிடம் கேட்டாள். நிலம் தோட்டத்தின் கையில் இருக்கிறது, துரையைக் கேள் என்றார்கள். துரையைக் கேட்டாள், நிலம் அரசாங்கத்துடையது, எங்களுக்குக் குத்தகை மட்டுந்தான் என்றார். நிலம் யாரையும் எதுவும் கேட்காமல் தன்பாட்டில் சரிந்துகொண்டிருந்தது.

இனி யசோதினியைச் சொல்கிறேன். அவளும் அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். படித்து, சோதனை பாஸ் பண்ணி, அதே பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் உதவியாளராக வந்தாள். ஆசிரியர் செய்கிற வேலை எல்லாவற்றையும் செய்துவிட்டு உதவியாளர் என்ற பெயரோடு வீட்டுக்குப் போகிற பதவி அது. நிரந்தரமாக்குவோம் என்று ஒவ்வொரு தவணையும் சொல்வார்கள். இங்கிலீஷ் அவள்தான் படிப்பித்தாள். சித்திரம் படிப்பிக்க ஆள் இல்லாததால் சித்திரமும் அவள்தான்.

இவர்களுக்கு மேலே, ஊரில் உள்ள காரியாலயங்கள் போதாதென்று புதிதாக ஒன்று முளைத்திருந்தது. ஆதிக்கலை மேம்பாட்டுப் பிரிவு என்று பெயர். அதற்குத் தலைவர் சதீசன் சேர். அவர் அவுஸ்திரேலியாவுக்குப் பயிற்சிக்குப் போய், அகலமான விளிம்பு வைத்த ஒரு தொப்பியோடு திரும்பி வந்தவர். பயிற்சியில் என்ன படித்தார் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று தொப்பியை வகுப்பறைக்குள்ளும் கழற்றாமல் வைத்திருந்தார்.

எல்லாப் பள்ளிக்கூடத்துச் சித்திர ஆசிரியர்களையும் பதுளைக்குக் கூப்பிட்டு ஒரு முழுநாள் கருத்தரங்கு வைத்தார். அந்த நாட்டு ஆதிக்குடிகள் வரைந்த ஓவியங்களைத் திரையில் காட்டினார். எல்லாம் புள்ளி. ஆயிரக்கணக்கில் புள்ளி. பார்க்க அவ்வளவு அழகாகத்தான் இருந்தது என்று யசோதினி சொன்னாள். அந்தப் புள்ளிகளுக்குள் அவர்களுடைய பாட்டன் பூட்டன் நடந்த வழி, தண்ணீர் கிடைக்கிற இடம், இறந்தவர்களின் கதை எல்லாம் இருக்கிறதாம். சதீசன் சேர் அதை இப்படி விளக்கினார்:

"ஆதிக்குடிகள் புள்ளியால் சிந்திப்பவர்கள். நாம் கோட்டால் சிந்திப்பவர்கள். ஆகவேதான் நம்மிடம் காரியாலயம் இருக்கிறது, அவர்களிடம் ஓவியம் இருக்கிறது. எல்லாத் தோட்டப் பாடசாலைகளும் ஆதிக்குடிப் பாணியில் ஓர் ஓவியம் செய்து தர வேண்டும்."

யசோதினி பயந்து பயந்து கையைத் தூக்கினாள். நம்முடைய மாவட்டத்திலேயே, மஹியங்கனைப் பக்கம், காட்டோரத்தில் ஆதிவாசிச் சனம் இருக்கிறார்களே, அவர்களில் யாரையாவது கூப்பிட்டுக் கேட்டால் பிள்ளைகளுக்கு நல்லதில்லையா என்று கேட்டாள். சதீசன் சேர் அந்தக் கேள்வியை மிகவும் பாராட்டினார்.

"அருமையான யோசனை. ஆனால் நடைமுறைச் சிக்கல் உண்டு, டீச்சர். கூப்பிட்டால் அவர்கள் வருவார்கள். வந்தால் பேசுவார்கள். பேசினால் காட்டைப் பற்றிக் கேட்பார்கள். இது கலை நிகழ்ச்சி."

எல்லோரும் கேட்டுக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பினார்கள்.

வெள்ளிக்கல்லில் வேலை தொடங்கியது. ஒரு பெரிய வெள்ளைத் துணி. வண்ணம் மண் நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்பது கட்டளை. பிள்ளைகள் ஓடிப்போய்க் கீழ் லயத்தைக் குடித்த மண் குவியலில் இருந்து செம்மண் அள்ளிக்கொண்டு வந்தார்கள். நல்ல ரத்தச் சிவப்பு. பார்வையிட வந்த சதீசன் சேர் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, இது வெறும் மண், மண் நிறம் என்பது வேறு, கடையில் போத்தலில் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார். யசோதினி பஸ் ஏறி ஹாலிஎலவில் மபாஸ் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்குப் போனாள். மபாஸ் நானா போத்தலை எடுத்து வைத்துவிட்டு வெளியே ரோட்டோர மேட்டைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார்.

"சுத்திவரச் செம்மண்ணு, டீச்சர். போத்தல்ல அடச்சதுக்கு நா பில் போடுறன். பொறகு என்னய ஏசாதீங்க."

பிள்ளைகள் ஈர்க்குக் குச்சியை வண்ணத்தில் தொட்டுத் துணி முழுக்கப் புள்ளி வைத்தார்கள். நீளவாக்கில், அகலவாக்கில், ஒழுங்கு தப்பாமல். சாப்பாட்டு மணி அடித்ததும் எழுந்து போனார்கள். உதவிக்கு வந்த தாய்மார் துணியைச் சுற்றி நின்று பார்த்தார்கள். உங்களுக்கே தெரியும், புள்ளி வைத்ததை இழுக்காமல் அப்படியே விட்டால் அந்த வாசலுக்கு ஆகாது. ஐயோ, பிள்ளைகள் மறந்துவிட்டுப் போய்விட்டார்களே என்று பரிதாபப்பட்டு, ஆளுக்கொரு பக்கம் குந்தி, வளைத்து நெளித்து எல்லாப் புள்ளியையும் சேர்த்து இழுத்து முடித்துவிட்டார்கள். நடுவில் ஒரு தாமரையும் வந்துவிட்டது.

சதீசன் சேர் வந்து பார்த்தார். துணியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இது கோலம்."

"ஆமாங்க சேர்" என்றார்கள் தாய்மார். இவ்வளவு படித்தவருக்குக் கோலமும் தெரிந்திருக்கிறதே என்று அவர்களுக்குச் சந்தோஷம்.

ஆதிக்குடியினர் புள்ளியை ஒருபோதும் இணைக்க மாட்டார்கள் என்றும், இணைக்கும் பழக்கத்தால் தோட்டச் சமூகத்தின் ஆதித்தன்மை கெட்டுப்போயிருக்கிறது என்றும் அவர் விளக்கினார். கோட்டின் மேலெல்லாம் மறுபடி புள்ளி வைத்து மறைக்கச் சொன்னார். மறைத்தார்கள்.

அடுத்தது மிருகம். ஒவ்வொரு பிள்ளையும் தன் ஆன்மாவோடு ஒட்டிய மிருகம் ஒன்றை அந்தத் துணியில் வரைய வேண்டும். யானை, மான், மயில் என்று வரும் என அவர் எதிர்பார்த்தார். பிள்ளைகள் யோசித்தார்கள். தங்களோடு ஒட்டியது எது? நாலாம் வகுப்பு மொத்தமும் அட்டை வரைந்தது. கொழுந்து மலையில் அம்மாவின் காலில் ஒட்டுகிற அட்டை, பள்ளிக்கூடத்துக்கு வருகிற குறுக்குப் பாதையில் தங்கள் காலில் ஒட்டுகிற அட்டை. ஒல்லி அட்டை, ரத்தம் குடித்த அட்டை, உப்புப் போட்ட அட்டை. தத்ரூபம். சதீசன் சேர் அந்த அட்டைகளுக்கு 'கனவுப் பாம்புக் குட்டிகள்' என்று தலைப்புக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டார். பிள்ளைகளுக்குத்தான் மனசு ஆறவில்லை, பாம்பு குட்டி போடாதே என்று.

இதற்குள் ஒரு செய்தி வந்தது. அவுஸ்திரேலியாவில் இருந்து ஒரு விருந்தாளி அம்மா வருகிறார். பள்ளிக்கூடங்களுக்கு உதவி செய்கிற அமைப்பில் பெரிய ஆள். வெள்ளிக்கல் ஓவியத்தை அவரே வந்து திறந்து வைப்பார்.

பள்ளிக்கூடத்து அதிபர் பரமலிங்கம் சேர் யாழ்ப்பாணத்தவர், இரைந்து பேசாத மனுஷன், ஓய்வு பெறுகிற நாளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். வந்த செய்தியைக் கேட்டதும் கதிரையில் சாய்ந்து யசோதினியிடம் சொன்னார்: "பிள்ளை, நான் பென்சன் எடுக்கிறதுக்குக் கொஞ்சக் காலந்தான் கிடக்கு. அவை சொல்லுறதைச் செய்து முடிச்சுவிடுவம். ஒண்டையும் கேட்டுக் கிளறிப்போடாதையும்."

சதீசன் சேருக்குத்தான் திடீரென்று ஒரு பெரிய கவலை பிடித்தது. அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டாம். ஒரு கூட்டத்தில் யார் பேச எழுந்தாலும், முதலில் அந்த மண்ணுக்குச் சொந்தக்காரரான ஆதிக்குடிகளை நினைத்து வணக்கம் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். விருந்தாளி அம்மா இங்கும் அப்படித்தான் சொல்வார். சொல்லும்போது வணக்கத்தை வாங்கிக்கொள்ள ஆதிக்குடி ஒருவர் மேடையில் இல்லாவிட்டால் வணக்கம் வீணாகப் போய்விடும். காரியாலயத்துக்கு அவமானம்.

ஆள் இல்லாத இடத்தை நிரப்புவதற்கு நம் நாட்டில் ஒரு நல்ல முறை இருக்கிறது. ஒரு கதிரை காலியானால், உரியவர் வரும்வரை வேறொருவரை அதில் உட்கார வைப்பார்கள். பதில் கடமை என்று பெயர். பரமலிங்கம் சேரே பதில் கடமை அதிபர்தான். சதீசன் சேரும் பதில் கடமைத் தலைவர்தான். அவருக்கு மேலே இருந்தவரும் பதில் கடமை. அவருக்கு மேலே யார் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே சதீசன் சேர் யோசித்து யோசித்து, வெள்ளிக்கல்லுக்கு ஒரு பதில் கடமை ஆதிக்குடியை நியமிப்பது என்று தீர்மானித்தார்.

சிரியுங்கள், கண்ணுகளா. இது சிரிக்கிற இடம்தான்.

முறைப்படி நேர்முகத் தேர்வு வைத்தார்கள். தோற்றத்துக்கு ஒரு புள்ளி, எளிமைக்கு ஒரு புள்ளி, மௌனத்துக்கு இரட்டைப் புள்ளி. முதலில் கோயில் பூசாரி வந்தார். கைக்கடிகாரம் கட்டியிருந்தார், பேச்சும் அதிகம், தள்ளுபடி. அடுத்து ஒரு பழைய கங்காணி. வீட்டில் பிரிட்ஜ் இருப்பதாகப் பெருமையாகச் சொன்னார், தள்ளுபடி.

ஜெயமலர் தேர்வுக்கு வரவே இல்லை. நிலத்துக்கான தன் கோரிக்கைக்கு அதிபர் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் நல்லது என்று அவரைப் பார்க்க வந்து வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஆள் என்று உள்ளே கூப்பிட்டார்கள். போனாள்.

நிரந்தர முகவரி என்ன என்று கேட்டார்கள். இல்லீங்க என்றாள். சொந்தமாகக் காணி உண்டா என்றார்கள். அதுக்குத்தாங்க வந்தேன், இல்லீங்க என்றாள். எங்கே சமைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, உள்ளே கைக்குழந்தைகளுக்குப் புகை ஆகாது, வெளியே மூன்று கல் வைத்துச் சமைக்கிறோம் என்றாள். மண் சரிந்த அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்றார்கள். விடியும்வரை ஒரு பாறைக்கு அடியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்றாள். பாறை என்றதும் சதீசன் சேர் மற்றவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

பாவம், அவளுக்கு என்ன தெரியும். அவள் கஷ்டத்தை அதிகாரிகள் இவ்வளவு ஆசையாகக் கேட்டது அவள் பிறந்ததில் இருந்து அன்றைக்குத்தான். காணி கிடைத்துவிட்டது என்றே நினைத்துவிட்டாள். நீங்கள்தான் ஆதிக்குடி என்று அவர்கள் சொன்னபோது, அது காணி கொடுக்கிற திட்டத்தின் பெயர் என்று எண்ணி இரண்டு கையையும் கூப்பினாள்.

விஷயம் விளங்கியதும் மாட்டேன் என்றாள். வேலைக்குப் போகவில்லையென்றால் அன்றைய பெயர் விழாது, கூலி இல்லை, வேஷம் போட்டுக்கொண்டு மேடையில் நிற்க எனக்கு வெட்கமாக இருக்கிறது என்றாள். புள்ளக்காம்பராவில் கஜேந்திரன் வேறு அவளைக் கேலி செய்தான்.

"இம்புட்டு நாளா நம்மளக் கள்ளத்தோணில வந்தவன்னானுங்க. இப்ப ஆதிக்குடியாமே. ஒரே நாள்ல பிரமோசன்தான் ஒனக்கு."

அவளைச் சம்மதிக்க வைக்க அதிபர் யசோதினியைத்தான் அனுப்பினார். யசோதினி போய்ப் பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

"அக்கா, வெள்ளக்காரம்மாவுக்குப் பக்கத்துல நாந்தான் நிப்பேன். அவங்க பேசுறத ஒங்களுக்கும், நீங்க பேசுறத அவங்களுக்கும் நாந்தான் சொல்லணும். ஒங்க காணி வெசயத்த அந்த எடத்துல சொல்லுங்க. ஒரு சொல்லு கொறயாம இங்கிலீசுல சொல்றது என் பொறுப்பு. அவங்களே கேட்டா இவங்களால தட்ட ஏலாது."

அவள் மனசறிந்துதான் சொன்னாள். பொய் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை.

ஜெயமலர் சம்மதித்தாள்.

நியமனத்துக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. செருப்புப் போடக்கூடாது. போன் வைத்திருக்கக்கூடாது. மூக்குத்தி இருக்கலாமா என்று அரை நாள் ஆராய்ந்து, இருக்கலாம், ஆனால் மின்னக்கூடாது என்று முடிவு செய்தார்கள். உடுப்பில் இலை இருக்க வேண்டும். தோட்டத்தில் இலைக்கா பஞ்சம். ஆனால் தேயிலைக் கொப்பை முறித்தால் துரைக்குப் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் விளையாட்டுப் போட்டிக்கு வாங்கிய பச்சைக் காகிதம் மிச்சம் இருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்து இலை வெட்டினார்கள். கேசினியும் வெட்டினாள். யாருக்காக என்று அவளுக்குத் தெரியும். மற்றப் பிள்ளைகள் வெட்டியதைவிட அவள் வெட்டிய இலைகள் பெரிதாக இருந்தன. அம்மாவின் பழைய பாவாடை கொஞ்சமும் வெளியே தெரியக்கூடாது என்று அப்படி வெட்டினாள்.

ஒத்திகையில் ஜெயமலர், நான் எப்போது பேச வேண்டும் என்று கேட்டாள்.

"ஆதிக்குடி பேசமாட்டார்" என்றார் சதீசன் சேர். "புன்னகைப்பார்."

அந்த நாளும் வந்தது. பள்ளிக்கூட முற்றத்தில் பந்தல் போட்டார்கள். தோட்டத்துச் சனம் எல்லாம் கூடியது. பிள்ளைகள் முன்வரிசையில் சாக்கில் உட்கார்ந்தார்கள். ஜெயமலர் மேடையில், காகித இலையோடு, முகத்தில் அடுப்புக்கரியால் வைத்த புள்ளிகளோடு, ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளோடு நிரையில் கொழுந்து பறிக்கிற பெண்கள் எதிரில் நின்றார்கள். ஒருத்திக்கும் அவளை நேரே பார்க்க முடியவில்லை. பந்தல் கம்பைப் பார்த்தார்கள், தங்கள் காலைப் பார்த்தார்கள். அவளும் குனிந்துதான் இருந்தாள். ஏழு பேர்ச், ஏழு பேர்ச் என்று உள்ளுக்குள் மந்திரம் போலச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். பின்னால் அவளே சொன்னது.

சதீசன் சேர் பேசினார்.

"நிலத்தோடு வாழ்ந்தவர்கள் நிலத்தைச் சொந்தம் கொண்டாடமாட்டார்கள். அதுவே ஆதிக்குடிகளின் உயர்ந்த பண்பு. அந்தப் பண்பு கெட்டுவிடாமல் நாம் இன்றுவரை எல்லா வழியிலும் பாதுகாத்து வருகிறோம். தோட்ட மக்களிடமும் அதே பண்பை வளர்த்திருக்கிறோம் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

கைதட்டினார்கள். கண்ணுகளா, எங்கள் சனமும் தட்டியது. மேடையில் இருந்து பேசி நிறுத்தினால் தட்ட வேண்டும் என்றுதான் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள்.

பிறகு விருந்தாளி அம்மா எழுந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வயது போன மனுஷி, கனிந்த முகம். காலணியைக் கழற்றி வைத்துவிட்டு மேடைக்கு வந்தார். முக்காலியில் இருந்த ஜெயமலரைப் பார்த்து, நெஞ்சில் கைவைத்து, தலை குனிந்து, மெதுவாகப் பேசினார். யசோதினி அதைத் தமிழில் சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"இந்த மண்ணுக்குச் சொந்தக்காரவங்க நீங்கதான்னு சொல்றாங்க, அக்கா. ஒங்களுக்கு முன்னாடி இருந்தவங்களையும், ஒங்களையும், ஒங்க புள்ளைங்களையும் வணங்குறாங்களாம். ஒங்க அனுமதியோடதான் இங்க நிக்கிறாங்களாம்."

ஜெயமலர் தலையைத் தூக்கினாள்.

"நாந்தானுங்களா?"

அவள் முக்காலியை விட்டு எழுந்தாள். காகித இலை சரசரத்தது.

"அம்மா, சொந்தக்காரின்னு சொன்னீங்க, சந்தோசம். அப்ப எந்தப் பக்கம்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. எனக்கு ஏழு பேர்ச்சு போதும். என்னோட புள்ளக்காம்பரால கெடக்குற மத்த குடும்பத்துக்கும் அதே மாதிரி. வழுக்காத எடமாப் பாத்து. அடுத்த மழைக்கு முன்னாடி ஒரு கூரையப் போட்டுக்குவோம். கைக்கொழந்தைங்க தூங்குற எடத்த நாங்க புடிச்சு வச்சிருக்கோம்மா. அது பாவம்."

விருந்தாளி அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் ஏதோ பெரிய விஷயம் சொல்லப்பட்டது என்று மட்டும் விளங்கியது. ஆவலோடு யசோதினியின் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

சதீசன் சேர் யசோதினியைப் பார்த்தார். தொப்பிக்கு அடியில் இருந்து, கோபமே இல்லாமல், ஒரு தரம் பார்த்தார். அவ்வளவுதான். பரமலிங்கம் சேர் தன் சப்பாத்தைப் பார்த்தார். நிரந்தரமாக்குகிற ஆட்களின் பட்டியலுக்குச் சிபாரிசு செய்கிறவர் யார் என்று யசோதினிக்குத் தெரியும். வீட்டில் அவள் கையை எதிர்பார்த்து யார் யார் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். அவள் வாயைத் திறந்தாள். வாய் தானாக ஒன்றைச் சொன்னது.

எங்கள் மண்ணுக்கு உங்களை வரவேற்கிறேன், இது உங்கள் மண்ணும்தான், எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்கிறார்கள். இதைத்தான் இங்கிலீஷில் சொன்னாள்.

விருந்தாளி அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. ஒன்றும் இல்லாதவர்களிடம் இவ்வளவு பெரிய மனசா என்று சொல்லிக்கொண்டே ஜெயமலரைக் கட்டிப்பிடித்தார். கரிப்புள்ளி அவருடைய வெள்ளைச் சட்டையில் ஒட்டியது. துடைக்காமல் அப்படியே விட்டார். ஜெயமலர் அந்தத் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். கேட்டது கிடைத்துவிட்டது என்று அழுதாள். படம் எடுக்கிறவர்கள் சுற்றிச் சுற்றி எடுத்தார்கள். நன்றாக வந்த படம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அந்த ஓவியத்தைச் சுருட்டிக் காரியாலயத்துக்குக் கொண்டு போனார்கள். வரவேற்பறையில் மாட்டியிருக்கிறதாம், கனவுப் பாம்புக் குட்டிகள். ஆதிக்குடி நியமனம் பெருவெற்றி என்று சதீசன் சேர் மேலிடத்துக்கு அறிவித்தார். அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களிலும் இந்தப் பதவிக்கு வெற்றிடம் இருப்பதாகக் கண்டுபிடித்து, நிரப்புகிற வேலை நடக்கிறது. விண்ணப்பிக்கிறவர்கள் காணி இல்லாதவர்களாக இருப்பது கட்டாயத் தகைமை. மௌனத்துக்கான புள்ளியை இன்னும் கூட்டியிருக்கிறார்களாம்.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு எழுந்து போயிருப்பேன்.

புள்ளக்காம்பராவில் அந்த வாரம் திருவிழா மாதிரி. வெள்ளைக்காரம்மா கட்டிப்பிடித்து அழுதாள், இனிப் பயமில்லை என்று ஜெயமலர் எல்லோரிடமும் சொன்னாள். ரோட்டு வளைவில் வாகனச் சத்தம் கேட்டால் வெளியே வந்து பார்த்தார்கள். கேலி செய்த கஜேந்திரனே கம்பு வெட்டிக்கொண்டு போய், கோயிலுக்கு மேலே, வழுக்காத இடமாகப் பார்த்து நாலு மூலைக்கு நட்டுவிட்டு வந்தான். மற்றக் குடும்பங்களும் போய்த் தங்களுக்கு இடம் பார்த்தார்கள். யசோதினி புள்ளக்காம்பரா வழியாகப் போகிற பாதையை விட்டுவிட்டு, அட்டைக் கடிக்குப் பயப்படாமல், மலைப் பக்கமாகச் சுற்றிப் பள்ளிக்கூடம் போய்வந்தாள்.

எத்தனை நாள் சுற்றிப் போவது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரம், ஜெயமலர் கேசினியைக் கூட்டிப்போக வந்தவள் வகுப்பு வாசலில் நின்றாள். மலையில் இருந்து நேரே வந்திருந்தாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. வாகனம் எதுவும் வரவில்லையே என்று சனம் கேட்க ஆரம்பித்திருந்தது.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். நா சொன்னத அந்தம்மாகிட்ட அப்புடியே சொன்னீங்கல்ல?"

யசோதினி மேசையில் இருந்த புத்தகங்களை அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். மறுபடி ஒரு புத்தகத்தைத்தான் எடுத்து வைத்தாள்.

கேசினி வகுப்புக்குள்தான் நின்றாள், பையைத் தோளில் போட்டுக்கொண்டு. அன்றைக்கு அவள் முன்வரிசையில், மேடைக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவள். வகுப்பில் இங்கிலீஷில் முதலாம் பிள்ளை. நிலம் என்றால் என்ன, வீடு என்றால் என்ன, வேண்டும் என்றால் என்ன, எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் சொல்லை அவளுக்கு அந்த வருடம் படிப்பித்ததே யசோதினிதான். அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சரின் முகத்தில் என்ன இருந்ததோ, அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்புடியேதான் சொன்னாங்கம்மா. நா கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்."

"ஒரு சொல்லும் விடலயே?"

"விடல. வாங்கம்மா, போவோம். மழை வருது."

ஜெயமலருக்கு முகம் தெளிந்தது. உள்ளே வந்து யசோதினியின் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நீங்க நல்லா இருக்கணும் டீச்சர் என்றாள். கேசினி அம்மாவின் படங்கு நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். பார்க்கக்கூடாத ஒன்று கிடக்கிற பாதையில் பெரியவர்கள் பிள்ளையைக் கூட்டிப்போவார்களே, அந்த மாதிரிக் கூட்டிப்போனாள்.

பிறகாவது டீச்சர் உண்மையைச் சொன்னாளா என்று கேட்கிறீர்கள். வெள்ளிக்கல் பக்கம் போகிறவர்களிடம் நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நாலு மூலையிலும் கம்பு இன்னும் நிற்கிறதாம். கேசினி இப்போதெல்லாம் இங்கிலீஷ் பாடத்தில் கேள்வி கேட்டால் தெரியாது என்கிறாளாம்.

சரி, மழை குறைந்துவிட்டது. எழும்புங்கள், என் செல்வங்களே. உங்கள் வீட்டுக் கூரை காற்றுக்கு அசையாமல் இருக்கட்டும். உங்கள் அடுப்படி மண் காலுக்குக் கீழே உறுதியாக நிற்கட்டும். உங்கள் வாசலில் நின்று யார் எதைக் கேட்டாலும், கேட்டதைக் கேட்டபடி எடுத்துச் சொல்கிற நாக்கு உங்கள் வீட்டில் எல்லோருக்கும் வாய்க்கட்டும். உங்கள் வீட்டில் பிறந்த பிள்ளைகளும் இனிப் பிறக்கப் போகிற பிள்ளைகளும் பெரியவர்களுடைய பொய்யைச் சுமக்காமல், வெறும் புத்தகப் பையை மட்டும் சுமந்து வளரட்டும்.